விலக்கிய புள்ளிகள்

நான் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து பஸ்ஸில் ஏறிக் கேட்டால் வேறு கதை கிடைக்கும். அந்த பஸ்ஸில் செய்தி வாசிப்பது என் அப்பா. கொல்லிமலையில் எங்கள் குண்டனி நாட்டிலிருந்து செம்மேட்டுக்குப் போகும்போது மிளகு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஆரம்பித்துவிடுவார்.

"எம்பட புள்ள கடலுக்கு அடியில வேல செய்யுதுங்க."

"அங்க ஈரமா இருக்காதுங்களா?" என்று ஒருமுறை கண்டக்டர் கேட்டார்.

"கம்ப்யூட்டர்லதானுங்க. ஊட்ல இருந்தமேனிக்கே பாக்குது."

"அப்ப ஊட்லதான வேல செய்யுது?"

"உக்காந்திருக்கறது ஊட்லதான். வேல கடல்ல."

நான் பின்சீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டே ஓடாமல், எதுவும் கேட்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். உள்ளுக்குள் செம கெத்தாகத்தான் இருந்தது. வெட்கம் பிறகு வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

வேலை இதுதான். ஒரு கப்பல், வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி, கடல்மேல் நேர்கோட்டில் போய்த் திரும்பும், மறுபடி போகும். போகும்போதே அடியை நோக்கி ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒலி தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுவார்கள். திரும்பி வந்த ஒவ்வொரு ஒலியும் ஒரு புள்ளி. கோடிக்கணக்கான புள்ளிகள் சென்னை ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து பங்கு பிரித்து எங்களுக்கு வரும். மிளகு மூட்டை அடுக்கும் அறையில் ஜன்னலோரம் மேசை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். சாஃப்ட்வேரில் அந்தப் புள்ளிகளைக் குறுக்காக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால், கடல்தரை ஒரு எறும்பு வரிசை மாதிரி தெரியும். வரிசைக்கு மேலே அங்கங்கே சில புள்ளிகள் துள்ளிக்கொண்டு நிற்கும். நுரை, மீன் கூட்டம், கப்பலின் சொந்த இரைச்சல், சில சமயம் என்னவென்றே தெரியாதது. மவுஸால் அவற்றைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு ஒரு கீயைத் தட்டினால் மறைந்துவிடும். நிஜத்தில் அழிவதில்லை. ‘விலக்கியவை’ என்ற பெயரில் உள்ளேயே ஒளிந்திருக்கும், வேண்டுமானால் திரும்ப வரவழைக்கலாம். யாரும் வரவழைப்பதில்லை. மிச்சம் இருப்பதற்கு நிறம் பூசினால், ஆழம் குறைந்த இடம் சிவப்பு, அதிகமான இடம் நீலம், வரைபடம் ரெடி.

எங்கள் டீமில் வேகம் என்றால் நான்தான். மற்றவர்கள் ஒவ்வொரு கொத்துக்கும் தாடையில் கை வைத்து யோசிக்கும்போது, நான் சடசடவென்று கட்டம் போட்டுத் தட்டிக்கொண்டே போவேன். தரையிலிருந்து எதுவும் எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் காலி. வாரக் கூட்டத்தில் டீம் லீடர் சார், "அந்தக் கொல்லிமலைப் பொண்ணப் பாத்துக் கத்துக்குங்க" என்றார். அதை நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பஸ்ஸிடம் சொன்னார்.

எங்கள் வீடு மலை மடிப்புக்குள் இருக்கிறது, செல்போன் சிக்னல் கிடையாது. மேலே ரோட்டிலிருந்து நெட் வயரை சில்வர் ஓக் மரங்களில் கட்டிக் கட்டி அப்பாதான் கீழே இழுத்து வந்தார். மிளகுக் கொடி ஏறுகிற அதே மரங்கள். குரங்கு வயரில் தொங்கினால் கடல் காணாமல் போய்விடும். எதிர்ச்சரிவில் என் மாமா வீடு. அங்கே நெட்டும் இல்லை, சிக்னலும் இல்லை. நடுவே பள்ளத்தில் நெல் வயல். இறங்கி ஏறினால் நாக்குத் தள்ளிவிடும். அதனால் நாங்கள் இன்றைக்கும் கத்தித்தான் பேசிக்கொள்கிறோம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கையைக் குவித்து நீளமாக ஒரு கூவல். அந்தப் பக்கம் யாராவது நின்று பதிலுக்குக் கூவ வேண்டும். பிறகு ஒவ்வொரு சொல்லாக இழுத்து விட வேண்டும். மாடு வந்திருச்சு. மோட்டார் ஓடலை. பெரியவரு போயிட்டாரு. இவ்வளவுதான் காற்று தாங்கும். எங்கள் வீட்டில் நல்ல தொண்டை எனக்குத்தான்.

நர்சம்மா எங்கள் பகுதிக்குப் போன வருடம் வந்தார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீனவ ஊர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், ஊரே நர்சம்மா என்றாலும் நான் அக்கா என்பேன். கழுத்தில் சின்ன சிலுவை, நடு வெயிலிலும் ஸ்வெட்டர், மழை இல்லாவிட்டாலும் ஒரு கறுப்புக் குடை. ஊர் ஊராக நடந்து தடுப்பூசி போடுவார், பிரஷர் பார்ப்பார், நடுநடுவே எங்கள் மலையைத் திட்டுவார். "உங்க சந்தையில மீனுன்னு ஒண்ண விக்கான் பாரு, அது எந்தக் காலத்துல செத்துச்சோ, அதுக்கே மறந்திருக்கும்" என்பார்.

அன்றைக்கு அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வந்திருந்தார். விரலில் குத்துவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"எம்பட புள்ள கடலுக்கு அடியில..."

நர்சம்மா திரும்பிப் பார்த்தார். "எந்தக் கடலு பிள்ள?"

"இப்ப பாக்கறது உங்கூர்ப் பக்கம்தாங்க்கா. வாங்க, காட்டறேன்."

காட்டக் கூடாது. வெளியாட்களுக்குக் காட்ட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் வேலையில் சேர்ந்திருக்கிறேன். ஆனால் கடலோரத்தில் பிறந்தவருக்கு மலைக்காரி நான் கடலைக் காட்டுவது என்றால், அந்த வாய்ப்பை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அவர் மிளகு மூட்டையில் சாய்ந்து நின்றார். நான் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்து, எறும்பு வரிசையைக் காட்டி, இதுதான் தரை, இதுதான் ஆழம் என்று லெக்சர் அடித்தேன். பேசிக்கொண்டே இரண்டு மூன்று கொத்துகளைக் கட்டம் போட்டுத் தூக்கினேன். வேகம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சத்தமாகவே கீயைத் தட்டினேன்.

"இப்ப என்னத்த அழிச்ச?"

"அதெல்லாம் குப்பைங்க்கா."

"குப்பன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தரையில இருந்து எந்திரிச்சு நிக்குதுல்லங்க்கா. தரையின்னா நிக்காது."

அவர் திரையருகே குனிந்து பார்த்தார். பிறகு, "வள்ளம் முங்கிக் கெடந்தாலும் எந்திரிச்சுதான நிக்கும்" என்றார்.

இங்கே வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் அவருடைய அண்ணன் காணாமல் போயிருக்கிறார். அண்ணனும் இன்னொருவரும் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவரை ஒரு கேனைப் பிடித்து மிதந்த நிலையில் வேறொரு படகு தூக்கிக் காப்பாற்றியது. அவர் கடைசியாகப் பார்த்தபோது அண்ணன் கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் உட்கார்ந்திருந்தாராம். அதற்குப் பிறகு வள்ளமும் கிடைக்கவில்லை, அண்ணனும் கிடைக்கவில்லை.

"எங்கம்மைக்கு அது ஒண்ணு போதும்" என்றார் நர்சம்மா. "வள்ளம் மெதந்துதான போயிருக்கும், எங்கயாவது ஒதுங்கியிருக்கும், எம்புள்ள ஏதோ ஒரு தேசத்து ஜெயில்ல கெடக்கான்னு சொல்லுதாவ. பூச வைக்க விட மாட்டேங்காவ. எங்க மைனி என்ன செய்வா, தாலிய வச்சிக்கிடணுமா கழட்டணுமான்னு அவளுக்குத் தெரியல. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் எந்திரிச்சு ஓடுதாவ. வார ஞாயிற்றுக்கிழம சொந்தக்காரங்க எல்லாம் கூடிப் பேசப் போறோம். வள்ளம் அந்த எடத்துலயே அடியில கெடக்குன்னு தெரிஞ்சா, அம்மை அடங்கிருவாவ."

காப்பாற்றிய படகு அந்த இடத்தில் குறித்துக்கொண்ட ஜிபிஎஸ் எண் அவர் போனில் இருந்தது. வாங்கி அடித்துப் பார்த்தேன். என் பங்கில் விழுந்தது. நான் எப்போதோ முடித்து ‘சரிபார்த்தது’ என்று முத்திரை போட்டு அனுப்பிய பகுதி. ஆரஞ்சு நிறத்தில் மொழுமொழுவென்று, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கிடந்தது.

"தேடிப் பாப்பியா பிள்ள?"

"இதென்னங்க்கா பெரிய விசயம். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடறேன்."

அவர் போன பிறகு அந்த இடத்தைச் சுற்றி ‘விலக்கியவை’ எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தேன். சிவப்புப் புள்ளிகளாக வந்தன. அம்மை போட்ட உடம்பு மாதிரி ஆகிவிட்டது திரை. இவ்வளவையா தூக்கினேன் என்று இருந்தது. ஒவ்வொரு கொத்தாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதுவும் எனக்கு ஞாபகமில்லை. ஒன்றைக்கூட நான் அப்போது பார்த்திருக்கவில்லை, தட்டியிருக்கிறேன். இதில் எதுவும் ஒரு ஆள் உட்கார்ந்திருந்த வள்ளமாக இருக்கலாம் என்று முன்பு தோன்றியதே இல்லை. சார் என்னை மெச்சியது இந்த வேகத்துக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது கிடைத்தது.

ஒரு வள்ளத்தின் நீளம். ஒரு முனை தாழ்ந்து, மறு முனை தூக்கி. அணியம் என்று நர்சம்மா சொன்ன அந்த முன்பக்கம் எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் வள்ளம்தான். 

ட்ரெயினிங்கில் முதல் நாளே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கப்பலின் ஒரு ஓட்டத்தில் தெரிவதை நம்பாதே, பக்கத்து ஓட்டத்தில் அதே இடத்தில் இருக்கிறதா என்று பார். பக்கத்து ஓட்டம் வேறொரு பையனின் பங்கில் இருந்தது. அதைத் திறக்க சாரிடம் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கு என்பார். எதற்கு என்றால் நர்சம்மா கதையைச் சொல்ல வேண்டும், வெளியாளுக்குக் காட்டியதைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நர்சம்மாவுக்கு வைஃபையில் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மாதான் சொன்னார், அவர் எதிர்ச்சரிவில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், அப்படியே மேலே ஏறி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போகிறாராம் என்று. நான் வெளியே ஓடினேன். அப்பா குச்சிக்கிழங்குக் காட்டில் நின்றிருந்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மாமா வீட்டுக்கு மேலே, வழியில் கறுப்புக் குடை ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பா, நர்சம்மாவ நிறுத்தச் சொல்லுங்க. போட்டு மாதிரி ஒண்ணு தெரியுது, அதுவான்னு தெரியல, வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அப்பா கூவினார். மாமா களத்துக்கு வந்து பதிலுக்குக் கூவினார். அப்பா என்னைப் பார்த்தார்.

"அத்தன நீளம் அங்க போவாது கண்ணு. கெடச்சிருச்சா இல்லியா, அதச் சொல்லு."

"கெடச்ச மாதிரிதானுங்கப்பா."

"மாதிரியெல்லாம் எப்படிக் கத்தறது? ஒண்ணு சொல்லு சாமி, பஸ்சு வந்துரும்."

குடை ஏறிக்கொண்டே இருந்தது. அப்பா முகத்தில் பஸ்ஸில் இருக்கும் அதே சிரிப்பு இருந்தது.

"நகருங்க, நானே சொல்லறேன்" என்றேன்.

கையைக் குவித்தேன். "நர்சம்மா... கிட்ட... சொல்லுங்க... போட்டு... கெடச்சிருச்சு."

என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் கத்தியதில்லை. பள்ளம் அதை வாங்கி, ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தது. மாமா திரும்பி மேலே பார்த்துக் கத்தினார். குடை நின்றது. அப்படியே கீழே இறங்கியது. அவர் வழியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் கையை ஆட்டினேன். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. எழுந்து, குடையை மடக்கி, ரோட்டைப் பார்த்து வேகமாக ஏறிப் போய்விட்டார்.

மாமா திரும்பக் கத்தினார். "நர்சம்மா... அழுவுது..."

"சந்தோசத்துல அழுவுதாட்டிருக்குது" என்றார் அப்பா.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. காலேஜ் குரூப்பில் பெரிய ஆள் மாதிரி மொட்டையாக ஒரு மெசேஜ் போட்டேன், ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு, விவரம் பிறகு என்று. திங்கட்கிழமை காலை சாரிடம், என் பங்கில் மூழ்கிய படகு ஒன்று கிடைத்திருக்கிறது என்றேன். நர்சம்மா பற்றி மூச்சு விடவில்லை.

"எங்க, ஸ்கிரீன் ஷேர் பண்ணும்மா" என்றார் சார்.

காட்டினேன். அவர் பக்கத்து ஓட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்தார். அதே இடம். தட்டை. ஒரு புள்ளிகூட எழுந்து நிற்கவில்லை.

"கப்பல் போய்த் திரும்பறதுக்குள்ள எடத்தக் காலி பண்ணிடுச்சு, பாத்தியா? நல்லா பெருசாக்கு. தரைக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. தொடவே இல்ல. மிதக்குது. மீன் கூட்டம்மா."

"ஒரு பக்கம் தூக்கிட்டு இருக்கே சார்."

"மீனு வரிசையாவா நிக்கும்? நீ படகு தேடுனா படகுதான் தெரியும். நீ மொதல்ல நீக்கினதுதான் கரெக்ட். எதுக்குத் திரும்பக் கொண்டாந்த?"

"சும்மா... செக் பண்ணேன் சார்."

"குட். இப்படித்தான் டபுள் செக் பண்ணணும். எல்லாரும் கேட்டுக்குங்க."

நான் கேமராவை அணைத்தேன். நெட் போகிறது, வயரில் குரங்கு என்று சாட்டில் சாக்குச் சொல்லி டைப் பண்ணினேன்.

நர்சம்மாவுக்கு உடனே அடிக்க வேண்டும் என்று தெரியும். மிளகு மூட்டையின்மேல் போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து தண்ணீர் குடித்தேன். அம்மா கேட்காமலே போய் விறகு எடுத்து வைத்தேன். கடைசியில் அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம், பாத்திரச் சத்தம்.

"அக்கா, ஞாயித்துக்கெழம பேச்சு என்ன ஆச்சுங்க்கா?"

"பேச்சே இல்ல பிள்ள. சனிக்கிழம நான் வந்து சொன்னதும் அம்மை ஒரு வார்த்த கேக்கல. உள்ள போயி அவன் சட்டைய எடுத்துட்டு வந்து என் கையில தந்துட்டாவ. நேத்து பூச முடிஞ்சு, அத ஒரு பெட்டில வச்சு அடக்கம் பண்ணியாச்சு."

 எப்படிச் சொன்னேன் என்று இப்போது கோர்வையாக வரவில்லை. மீன் கூட்டம், பக்கத்து ஓட்டம், நான் பார்க்கவில்லை, தெரியவில்லை என்று உளறினேன். தெரியாது என்று சொன்னது பொய், அதையும் அங்கேயே திருத்தினேன். பார்த்திருக்கணும்ங்க்கா, பாக்கல. அந்தப் பக்கம் அவர் நடந்து வெளியே வருவது கேட்டது. காற்றுச் சத்தம் வந்தது. அது கடல் சத்தமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது.

"அப்ப வள்ளம் அங்க இல்ல."

"இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாங்க்கா. நான் பாத்தது அது இல்ல."

"அப்ப எங்கம்மை சொன்னதுதான் சரியா இருந்தாலும் இருக்கலாம்."

நான் மிளகு மூட்டையின் தையலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப நான் உள்ள போயி என்ன சொல்ல? தோண்டி எடுங்கன்னா?" அவர் குரல் உயரவே இல்லை. "மைனி ராத்திரி அசந்து ஒறங்குனா. அம்மை காலையில கஞ்சி குடிச்சாவ. கேட்டு வாங்கிக் குடிச்சாவ."

"நான் பேசறங்க்கா. என் தப்புன்னு நானே சொல்லிடறேன்."

"நீ பேசுனது போதும். யார்ட்டயும் வாயத் தொறக்காத. ஒனக்குத் தொண்ட பெருசு." போனை வைத்துவிட்டார்.

இதற்குள் எங்கள் மலையில் நான் யார் என்பது முடிவாகியிருந்தது. கண்டக்டர் எனக்கு முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார். அரியூர் நாட்டிலிருந்து ஒருவர் நடந்தே வந்தார். அவருடைய கிடாரிக் கன்று காட்டுக்குள் போய்த் திரும்பவில்லையாம்.

"அத்தந்தண்டி கடல்லயே பாத்துட்டீங்களாமா. இந்தக் காடு எம்மாத்தரம் கண்ணு? சித்த அந்தக் கம்ப்யூட்டர்ல பாருங்க."

"இதுல அதெல்லாம் தெரியாதுங்க."

"செவல. நெத்தியில வெள்ள இருக்கும்" என்றார், அடையாளம் பற்றாமல்தான் நான் மறுக்கிறேன் என்று நினைத்து.

அப்பா சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அப்பாவிடமாவது சொல்லலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் போய் நின்றேன். அவரிடம் சொன்னால் அவர் பொய்யனாகவே பஸ் ஏற வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை அந்த பஸ்ஸில் நர்சம்மா பக்கத்தில் போய் உட்காரும், அங்கிருந்து எப்படியாவது அவர் அம்மா வரை போய்விடும். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

நர்சம்மா லீவு முடிந்து திரும்பினார். அதே ஸ்வெட்டர், அதே குடை. அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்க வந்தபோது பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தார். பேப்பரை மீறி வாசம் அறை முழுக்க நின்றது.

"எங்கம்மை குடுத்து விட்டாவ. சீலாக் கருவாடு. வள்ளத்தக் கண்டுபுடிச்ச பிள்ளைக்குன்னு."

எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி அந்த ‘கண்டுபுடிச்ச’ என்ற சொல்லை அவர் கொஞ்சம்கூட அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உன்ட்ட ஒரு வார்த்த பேசணுமாம்" என்று எங்கள் வைஃபையில் போனைப் போட்டு என் கையில் கொடுத்தார். அப்பா ஆர்வமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எம்மா, நீதானா அது?" வயதான குரல், ஆனால் உடையாத குரல். "நல்லாயிருப்ப. ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தாயி. இவட்ட கேட்டா எனக்குத் தெரியாதுங்கா. வள்ளம் எப்பிடிக் கெடக்கு? நேரா கெடக்கா, கமுந்து கெடக்கா?"

நான் நர்சம்மாவைப் பார்த்தேன். அவர் அம்மாவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை, நிமிரவில்லை. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"நேராத்தானுங்க கெடக்குது" என்றேன். "மணல்ல."

"மணல்லயா?"

"ஆமாங்க. அணியம் கொஞ்சம் தூக்கியிருக்குதுங்க."

அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு. "நிமுத்திருக்கான். கமுந்தத நிமுத்திருக்கான் பாத்தியா, கடைசி வர தொழில் பாத்திருக்கான்." பிறகு, "அத வெளிய இழுத்துருவாவளா எம்மா? வேண்டாம்னு சொல்லு. அங்கேயே கெடக்கட்டும். யாரும் தொட வேண்டாம்."

"யாரும் தொட மாட்டாங்க."

அந்த அம்மாவிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நர்சம்மா வாங்கி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டு, "பிரஷர் கூடத்தான் இருக்கு, உப்பக் கொறைங்க" என்று அம்மாவிடம் சொன்னார். வாசல்வரை போய், திரும்பாமலே, "அணியம் தூக்கியிருக்குன்னு நான் சொல்லச் சொன்னனா?" என்றார்.

"இல்லீங்க்கா."

"ஏன் சொன்ன?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நான் பார்த்தேன் என்பதுதான் பதில். இன்றைக்கும் அந்தச் சிவப்புக் கொத்து கண்ணுக்குள் வந்தால் ஒரு முனை தூக்கித்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

வரைபடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இடம் அதில் ஆரஞ்சாக, தட்டையாக இருக்கிறது. இப்போது நான் டீமில் வேகமில்லை. ஒவ்வொரு கொத்தின் முன்னாலும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். சார், உடம்பு சரியில்லையாம்மா என்று கேட்டார்.

அன்றைக்கே அம்மா கருவாட்டைச் சுட்டார். மடிப்பு முழுக்க வாசம் பரவியது. அப்பா களத்தின் ஓரத்துக்குப் போய்க் கூவினார், மாமா பதிலுக்குக் கூவினார்.

"கருவாடு... வந்திருக்குது... சாப்பிட... வாங்க..."

எதிர்ச்சரிவிலிருந்து கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "ஆரு... குடுத்தா...?"

அப்பா என் பக்கம் திரும்பி, நகர்ந்து இடம் விட்டார். "நீயே சொல்லு கண்ணு. நாஞ் சொன்னா அவங்களுக்கு வெளங்காது."

கையைக் குவித்தேன். மாமா அந்தப் பக்கம் காதில் கை வைத்து நிற்பது தெரிந்தது. அவருக்கு மேலே, வழியில், குடை எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்தும் சத்தம் வரவில்லை. கையை இறக்கிக்கொண்டு, தொண்டை கட்டியிருக்குதுங்கப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். பின்னால் அப்பாவே கத்துவது கேட்டது.